டிரெஸ்ஸாஜ் மதிப்பெண் நடுவரின் ரசனை மட்டும்தானா?

டிரெஸ்ஸாஜ் என்பது குதிரையை வரிசையாகச் சில அசைவுகள் செய்யவைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் போட்டி. அதில் ஒரே ஓட்டத்துக்கு ஒரு நடுவர் 66 சதவீதம், இன்னொருவர் 71 சதவீதம் போடுகிறார்களே, அப்படியென்றால் இது வெறும் ரசனைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல மதிப்பெண்ணை எழுதித் தரும் வேலைக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மைதானம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். நாங்கள் இருந்தது குறுகிய பக்கத்தின் நடுவில், 'சி' எழுத்துக்குப் பின்னால். குதிரை நேராக எங்களைப் பார்த்து வந்து நடுவில் நின்றது, முன்னங்கால் இரண்டும் ஒட்டவைத்த மாதிரி அவ்வளவு ஒழுங்காக. நடுவர் "8" என்றார், எழுதினேன். பிறகு நீளப் பக்கத்தில் 'ஈ' எழுத்தருகே இருந்தவரின் தாளைப் பார்த்தால் 6, பக்கத்தில் 'இடது பின்னங்கால் பின்தங்கியது' என்று குறிப்பு. இரண்டு பேர் சொன்னதும் சரி. முன்னாலிருந்து பார்ப்பவருக்குக் குதிரை நேராக வருகிறதா என்பது தெரியும், பின்னங்கால் எங்கே நிற்கிறது என்பது பக்கவாட்டிலிருந்துதான் தெரியும். ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்களை மைதானத்தைச் சுற்றி உட்காரவைத்துச் சராசரி எடுப்பது இதனால்தான்.

எண்ணக்கூடியவை தனி. கிராண்ட் பிரீ என்ற உயர்நிலைப் போட்டியில், பாய்ந்தோடும் குதிரை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னே வைக்கும் காலை மாற்றும் வரிசை உண்டு, அந்த மாற்றம் 15 முறை வர வேண்டும். 13தான் வந்தது என்றால் அதில் ரசனைக்கு இடமே இல்லை. ஒலிம்பிக் மாதிரி பெரிய போட்டிகளில் இப்படி எண்ணித் தவறியதைத் திருத்த மேற்பார்வைக் குழு இருக்கிறது. என்னைக் கேட்டால், எண்ணும் வேலையை முழுக்க வீடியோவிடம் கொடுத்துவிட்டு நடுவரின் கண்ணைக் குதிரைமேல் விட்டுவிடலாம்.

ஆனால் பியாஃபை, அதாவது நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் அசைவை, எதை வைத்து அளப்பீர்கள்? இரண்டு குதிரைகளும் நின்ற இடத்திலேயே 12 அடி எடுத்து வைக்கின்றன. ஒன்று முதுகைத் தளர்த்தி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, மூச்சு சீராக. இன்னொன்று வாலை அடித்துக்கொண்டு, கழுத்து இறுகி, அதே 12 அடி. கால் எவ்வளவு உயர்ந்தது என்று கருவி வைத்து அளந்தால் இறுகிய குதிரைக்கே அதிகம் கிடைக்கலாம், அப்புறம் எல்லோரும் காலைத் தூக்கவைக்கத்தான் பழக்குவார்கள், பாதிக்கப்படுவது குதிரை. அதனால்தான் பழகிய கண் இங்கே வேண்டும் என்கிறேன்.

சரி, பாரபட்சமே இல்லையா? இருக்கிறது. 1956 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சில நடுவர்கள் தங்கள் நாட்டு வீரர்களையே மேலே ஏற்றிவிட்டது பெரிய சர்ச்சையானது. இப்போதும், பெயர்பெற்ற வீரர் உள்ளே நுழையும்போதே நடுவரின் எதிர்பார்ப்பு ஒரு படி ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதே தடுமாற்றம் புதியவருக்கு 5, அவருக்கு 6.5.

அதனால் மொத்த சதவீதத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அசைவு அசைவாகத் தாளைப் பாருங்கள். ஒன்றிரண்டு அசைவுகளில் மட்டும் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் உட்கார்ந்த இடம் காரணம். ஒரு நடுவர் ஒரே வீரருக்கு முதல் அசைவிலிருந்து கடைசிவரை அரை அரையாகக் கூட்டிக்கொண்டே போயிருந்தால், அதைத் தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.