ஒரு குழந்தைச் சட்டம் – கடிதம்

வணக்கம்.

ஒரு குழந்தைச் சட்டத்தால் சீனா நாற்பது கோடிப் பிறப்புகளைத் தடுத்தது, அதனால்தான் முன்னேறியது என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இப்போது அதே அரசு மூன்று பெற்றுக்கொள்ளச் சொல்லியும் பிறப்புகள் குறைந்தே வருவதாகப் படித்தேன். சட்டம் போட்டுக் குறைத்ததைச் சட்டத்தாலேயே ஏன் கூட்ட முடியவில்லை?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

நாற்பது கோடி என்பது சீன அரசே சொல்லிவந்த கணக்கு. 1970களின் சரிவையும் அது தன் வரவில் எழுதிக்கொள்கிறது. 1970இல் ஒரு சீனப் பெண் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றாள்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. ஒன்றோடு நிறுத்தும்படி கட்சி தன் உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியதோ 1980 செப்டம்பரில். 1979க்கும் 1991க்கும் இடையே சீனாவின் சராசரி 2.8இலிருந்து 2.0 ஆனபோது, பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சட்டத்தடை எதுவுமில்லாத தமிழ்நாட்டில் அது 3.5இலிருந்து 2.2 ஆனதை அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியிருக்கிறார். முன்னேற்றத்தைப் பொறுத்தவரை, தொழிற்சாலைகளை முதலில் நிரப்பியவர்கள் சட்டத்துக்கு முன் பிறந்த பெருந்தலைமுறையினர் என்பதை உங்கள் நண்பர்களுக்கு நினைவூட்டலாம்.

சட்டத்தின் தனிக் கைவண்ணத்தைக் காண வேண்டுமானால் கிராமங்களுக்குத்தான் போக வேண்டும். விவசாயிகளின் எதிர்ப்பைத் தணிக்க, 1984க்குப் பிறகு பல மாகாணங்கள் முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால் மட்டும் இரண்டாவதற்கு அனுமதித்தன. பெண் பிறந்தால் அது பாதிக் கணக்கு என்று அரசே முத்திரை குத்தியதற்குச் சமம் இது. ஸ்கேன் கருவிகளும் பரவிய காலம் என்பதால், அந்த இரண்டாவது வாய்ப்பு ஆணாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இயல்பாக 100 பெண்களுக்கு 105 அல்லது 106 ஆண்கள் பிறக்க, சீனாவில் அது 2004இல் 121ஐத் தொட்டது. அனுமதியின்றிப் பிறந்து, அபராதத்துக்கு அஞ்சி மறைக்கப்பட்ட பிள்ளைகள் வேறு. குடும்பப் பதிவேட்டில் பெயரில்லாவிட்டால் பள்ளியில் சேர்வது பெரும்பாடு. வளர்ந்தபின் திருமணத்தைப் பதிவுசெய்யவும் முடியாது. 2010 கணக்கெடுப்பில் பதிவில்லாதவர்கள் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர். எல்லோரும் அல்ல என்றாலும், பெரும்பாலோர் இந்தச் சட்டத்தால் அப்படி ஆனவர்கள்.

இதற்கு மாற்று இருந்ததா என்றால், அரசே சோதித்துப் பார்த்த ஒன்று இருந்தது. ஷான்சி மாகாணத்தின் யிச்செங் வட்டத்தில், லியாங் ஜோங்தாங் என்ற ஆய்வாளரின் யோசனைப்படி, தாமதமாக மணந்து இடைவெளி விட்டால் இரண்டு பெறலாம் என்று 1985 முதல் அனுமதித்தார்கள். அங்கே மக்கள்தொகை நாட்டின் சராசரியை விடக் குறைவாகவே வளர்ந்தது. ஆண் பெண் விகிதமும் அவ்வளவாகக் கெடவில்லை. ஆனாலும் பெய்ஜிங் மேலும் முப்பது ஆண்டுகள் சட்டத்தைக் கைவிடவில்லை. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே மன்னிக்க முடியாத பகுதி இதுதான்.

இனி உங்கள் கேள்வி. 2016இல் இரண்டு, 2021இல் மூன்று என்று வரம்பு தளர்ந்தும், 2016இல் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சமாக இருந்த பிறப்புகள் 2023இல் சுமார் 90 லட்சமாகின. இன்று தாயாகும் வயதில் இருப்பவர்கள் சட்டக் காலத்தில் பிறந்த, எண்ணிக்கையில் குறைந்த பெண்கள். பிறக்காத பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது. இருப்பவர்களுக்கோ வீட்டு விலையும் பள்ளிச் செலவும், கர்ப்பம் என்றதும் முகம் சுளிக்கும் முதலாளிகளும் கண்முன் நிற்கிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் தருவதாக 2025இல் அரசு அறிவித்தது. மாதம் 300 யுவானுக்காக வேலையைப் பணயம் வைக்க ஷாங்காய்ப் பெண் ஒருத்தி முன்வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.