உம்மாவுக்கு அனுப்பும் காசு சக்காத்தாகாது, தம்பி

வஅலைக்கும் சலாம். அக்கரைப்பற்றிலிருந்து தோஹா வந்து ஏழு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரூம் வாடகை, லைசன்ஸ் எல்லாம் கேட்டுவிட்டு, உம்மாவுக்கும் பெண்சாதிக்கும் மாதா மாதம் அனுப்பும் காசைச் சக்காத்தாக, அதாவது வசதியுள்ளவர் ஏழைக்குக் கட்டாயம் கொடுக்கவேண்டிய பங்காக, நிய்யத்து (மனதில் எண்ணம்) வைக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி. லைசன்ஸ் விசயமெல்லாம் பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். நான் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஏலாது தம்பி. உம்மா, வாப்பா, பெண்சாதி, பிள்ளைகள் இவர்களைப் பார்ப்பது ஏற்கெனவே உங்கள் பொறுப்பு. அந்தச் செலவைச் சக்காத்தில் கழித்தால் ஏழையின் பங்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். கஷ்டப்படும் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கொடுக்கலாம், அவர் உங்கள் செலவில் இல்லாதவரை. சொந்தத்துக்குக் கொடுத்தால் இரட்டை நன்மை.

அதற்கு முன்னால், உங்களுக்குச் சக்காத் கடமையா என்று பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்பது கணக்கே இல்லை. செலவு போக மிஞ்சிய காசு 85 கிராம் தங்கத்தின் பெறுமதிக்கு வந்து, அதாவது நம் ஊர்க் கணக்கில் பத்தரைப் பவுனுக்குச் சற்றுக் கூட, ஒரு வருடம் குறையாமல் இருந்தால் நூற்றுக்கு 2.5. சில உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) 595 கிராம் வெள்ளியை அளவாக எடுப்பார்கள். அளவு குறைவதால் ஏழைக்கு அதுதான் நல்லது என்று நானும் அப்படியே பார்க்கிறேன். வருடம் என்றால் பிறை வருடம். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்குப் பார்ப்பவர்களுக்கு வருடத்துக்கு 11 நாள் பிந்தும், 33 வருடத்தில் ஒரு முழுச் சக்காத்தே விடுபட்டுப்போகும். நான் நோன்பு முதல் பிறையைப் பிடித்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன், இருபது வருடமாக ஒரு வருடமும் தவறவில்லை.

இங்கே நம் ஆட்கள் சிலர் செய்வது எனக்குப் பிடிப்பதே இல்லை. ஊரில் கொடுத்த கடன் திரும்பாது என்று தெரிந்ததும் “அதைச் சக்காத்தில் கழித்துவிட்டேன்” என்பார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்), வாங்குபவர் கையில் போய்ச் சேராமல் அது நிறைவேறாது. இன்னும் சிலர் இருபத்தேழாம் நோன்பில் வீட்டு வாசலில் பெண்களை வரிசையில் நிற்கவைத்துச் சில்லறை நோட்டுக் கொடுத்துப் படமும் எடுப்பார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் வாப்பா நிந்தவூரில் வயல் செய்தவர். நெல்லுக்கு வருடம் பார்க்கத் தேவையில்லை, அறுத்த அன்றைக்கே கடமை. மழையை நம்பிச் செய்ததற்குப் பத்தில் ஒன்று, மெஷின் வைத்து இறைத்ததற்கு இருபதில் ஒன்று. பொலியை, அதாவது களத்து நெல்லை, அளந்து மூட்டை கட்டும்போது ஒவ்வொரு பத்தாவது மூட்டையின் வாயையும் சிவப்புத் துணியால் கட்டித் தள்ளிவைப்பார். அது எங்கள் வளவுக்குள் வரவே வராது. மஃரிபுக்குப் (அந்தித் தொழுகைக்குப்) பிறகு, வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) நேரே, கொடுக்கவேண்டிய வீட்டின் பின் கடப்படியில் (வேலி வாசலில்) இறங்கும். யார் வீடு என்று பிள்ளைகள் எங்களுக்குக்கூடச் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26 கடல் வந்து எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வருடம் ஏஜென்சிக் கடனோடு இங்கே வந்தேன். முதல் நோன்பில் ஊர் ஆள் ஒருவர் சக்காத் பட்டியலோடு ரூமுக்கு வந்தார். பெயர் எழுதாவிட்டால் மரியாதை இல்லையே என்று, மேல் கட்டிலில் இருந்த காத்தான்குடிக் காக்காவிடம் (அண்ணன் மாதிரியானவரிடம்) 200 ரியால் கடன் கேட்டேன். அவர் இறங்கிவந்து பக்கத்தில் இருந்தார். “ஒனக்குக் கடன் இரிக்கி, வீடும் இல்ல. ஒனக்கே சக்காத்து எடுக்க ஏலும் தம்பி. நீ எங்க குடுக்கிறாய்?” என்றார்.

சக்காத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். உங்களுக்கும் ஏஜென்சிக் கடன் இருந்து அடைக்க வழியில்லை என்றால் வெட்கப்படாதீர்கள்.

அடுத்த நாள் சஹருக்கு, நோன்புக்கு முந்திய விடியற்காலைச் சாப்பாட்டுக்கு, எழும்பியபோது என் தலையணைக்குக் கீழே ஒன்றும் எழுதாத உறை ஒன்று இருந்தது. உள்ளே அந்த மாதக் கடன் தவணைக்குப் போதுமான காசு. மேல் கட்டிலில் காக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒரே ரூமில் இருந்தோம், அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.