புத்தகத்தைக் கிழிக்கும் சிறுவன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், நிர்வாகக் குழு ஊதியம் தரும் நடத்தை ஆதரவுப் பணியில் இவ்வாண்டு சேர்ந்திருக்கிறேன். நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் இருக்கிறான். வீட்டில் பாட்டியுடன் ஜூலு பேசி வளர்பவன். ஆங்கில வாசிப்பு நேரத்தில் புத்தகத்தைக் கிழிக்கிறான், மேசையைத் தள்ளுகிறான். பிறர் கவனத்துக்காகச் செய்கிறான் என்று எண்ணி, அவனைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொன்னேன். ஆசிரியையும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிடுவார். இரண்டே வாரங்களில் நிலைமை மோசமாகி, மேசை இன்னொரு பிள்ளையின் காலில் விழுந்தது. இப்போது அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். நான் அவன் பக்கம் பேசுவதாக ஆசிரியைகள் வருத்தப்படுகிறார்கள். என் தாத்தாவோ, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்கிறார். நான் செய்வது ஆதரவா, காவல் வேலையா என்றே தெரியவில்லை.

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மீண்டும் மீண்டும் படித்தேன். "ஆசிரியையும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிடுவார்" என்பதே அந்த வரி. நீங்கள் தேடுகிற விடையில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. சிறுவன் புத்தகத்தைக் கிழித்தான். உரக்க வாசிக்க வேண்டிய அவனுடைய முறை அவனைத் தாண்டிப் போய்விட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான் என்றால், நீங்கள் பொருட்படுத்தாமல் விட்டது அவனுக்குக் கிடைத்த பலன். வகுப்புக்கு வெளியே நிறுத்துவது அதைவிடப் பெரிய பலன். தண்டனை என்று பெரியவர்கள் நினைப்பது பிள்ளைக்கு விடுதலையாக இருக்கும் இந்த இடத்தில்தான் நம் பணியில் பெரும்பாலோர் முதலில் சறுக்குகிறோம்.

கவனம் கிடைப்பதற்காகச் செய்யப்படும் ஒரு செயலுக்குக் கவனத்தை நிறுத்தினால், அது குறைவதற்கு முன் சில நாட்கள் கூடுவது உண்டு. அதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை நம்பித்தான் இரண்டு வாரங்கள் பொறுத்திருப்பீர்கள். ஆனால் ஒரு வேலையிலிருந்து தப்புவதற்காகச் செய்யப்படும் செயலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே கூடியது, பலன் கிடைத்ததால் வலுப்பெற்றுக் கூடியதாகவே எனக்குத் தோன்றுகிறது. உறுதி செய்ய எளிய வழி, ஐந்து பள்ளி நாட்களுக்கு எதையும் மாற்றாமல் மூன்று பத்திகளில் எழுதி வைப்பது: செயலுக்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் செய்தது என்ன, உடனே பின்னால் என்ன நடந்தது. "அடங்கவில்லை", "முரண்டு பிடித்தான்" போன்ற சொற்களை அந்தத் தாளில் எழுதாதீர்கள், ஏனென்றால் அவை நம் எரிச்சலைச் சொல்கின்றனவே தவிர அவன் செய்ததைச் சொல்வதில்லை. ஒரு பாதுகாப்பு மட்டும் முதல் நாளே தேவை: அருகிலுள்ள பிள்ளைகளின் இருக்கையைத் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது, அவன் எதிலிருந்து தப்புகிறான் என்பது. 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், நம் தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்கும் நிலையை எட்டவில்லை என்று தெரியவந்தது. ஆகவே உங்கள் சிறுவன் விதிவிலக்கு அல்ல. நாற்பது பேர் முன்னிலையில் அது வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சுகிறவன் அவன் ஒருவனாக இருக்கலாம். அவனைத் தனியே அழைத்து, ஒரு படத்தைக் காட்டி ஜூலுவில் கதை சொல்லச் சொல்லுங்கள். ஜூலுப் புத்தகம் கொடுத்து வாசிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் படிக்கிறவன் என்றால் அந்த வாசிப்பை அவனுக்கு யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். கதை தங்குதடையின்றி வந்தால், குறை அவனுடைய அறிவில் இல்லை என்பதை ஆசிரியையும் தம் காதாலேயே கேட்பார்.

1985-இல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். பாடம் கடினமாக இருந்தபோது முரண்டு செய்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுத் தந்து, சொன்னதும் உதவி கிடைக்கச் செய்தபோது முரண்டு குறைந்தது. அந்தத் தேவையோடு தொடர்பில்லாத வேறொரு வாக்கியத்தைக் கற்றுத் தந்தபோது குறையவில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நன்றாக நடந்தால் நட்சத்திர ஒட்டி என்பது உங்கள் சிறுவனுக்குத் தொடர்பில்லாத வாக்கியம். அவன் மேசையின் மூலையில் ஓர் அட்டை இருக்கட்டும்; அதைத் திருப்பி வைத்தால் அவன் அன்று உரக்க வாசிக்க வேண்டாம், இடைவேளையில் உங்களிடம் இரண்டு வரி வாசித்தால் போதும். முதல் வாரம் அவன் ஒவ்வொரு முறையும் திருப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அட்டை கிழிப்பதைவிட எளிதாகவும் விரைவாகவும் பலன் தந்தால்தான் கிழிப்பதை விடுவான். வாசிக்கும் வரிகளைப் பிறகு கூட்டலாம்.

இதையெல்லாம் தவறே செய்யாதவளாக எழுதவில்லை. பணியின் இரண்டாம் ஆண்டில், சொன்ன பேச்சைக் கேட்காத சிறுமி என்று ஒரு பிள்ளையை என்னிடம் அனுப்பினார்கள். பரிசு அட்டவணை போட்டு மூன்று மாதங்கள் அவளோடு போராடினேன். பதிவுத் தாள்களில் ஒரு செய்தி வெளிப்படையாகவே இருந்தது: ஆசிரியை கரும்பலகையைப் பார்த்தபடி பேசும்போதுதான் அவள் கேட்கவில்லை. அதை நான் படிக்கவில்லை. பிறகு மருத்துவமனையில் பார்த்தபோது இரண்டு காதிலும் சீழ் இருந்தது. மூன்று மாதங்களாக, கேட்காத ஒரு பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பதற்காக நான் ஒட்டி கொடுக்க மறுத்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் கண்ணும் காதும் பார்க்கப்பட்டனவா, காலையில் சாப்பிட்டதா என்று கேட்ட பிறகே தாளை எடுக்கிறேன். உங்கள் சிறுவனுக்கும் முதலில் இதைச் செய்யுங்கள்.

ஆசிரியைகளின் வருத்தம் நியாயமானது. நாற்பது பிள்ளைகளோடு நிற்கும் ஒருவரிடம் பத்து அம்சத் திட்டத்தை நீட்டினால் அது இன்னொரு சுமை. திட்டத்தில் ஆசிரியை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். உங்கள் சிறுவன் விஷயத்தில், அட்டையைக் கண்டதும் தலையசைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவது மட்டும். மற்றதை நீங்கள் செய்யுங்கள். இன்றும் அவர் அடுத்த பிள்ளைக்குத்தான் போகிறார். கிழித்த பிறகு போவதற்கும் கேட்டுக்கொண்ட பிறகு போவதற்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் விளக்குங்கள். அவர் ஏற்கெனவே செய்வதையே இடம் மாற்றிச் செய்யக் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் அவர் முகம் கொடுத்துப் பேசுவார். கூடவே எஸ்.என்.ஏ. 1 என்ற ஆதரவுத் தேவை மதிப்பீட்டுப் படிவத்தை ஆசிரியை நிரப்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்கான 2014-ஆம் ஆண்டு அரசுக் கொள்கையின்படி பள்ளியின் ஆதரவுக் குழு இந்தச் சிறுவனைக் கையில் எடுப்பதற்கு அதுதான் வாசல். அது இல்லாமல் பிறகு மாவட்டக் குழுவின் உதவியைக் கேட்க முடியாது.

தாத்தாவிடம் வாதாட வேண்டாம். 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் பத்தாம் பிரிவு பிரம்பை விலக்கிவிட்டது. 2019-இல் அரசியல் சாசன நீதிமன்றம் பெற்றோர் வீட்டில் அடிப்பதற்கிருந்த பாதுகாப்பையும் எடுத்துவிட்டது. ஆனால் தாத்தாவின் தலைமுறைக்கு வேறு வழி எதையும் யாரும் காட்டியதில்லை என்பதும் உண்மை. அவரிடம் சட்டத்தைச் சொல்வதைவிட, வாசிக்கத் தெரியாதவனை அடித்தால் அவனுக்கு வாசிப்பு வந்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் அறிந்த பெரியவர்கள் பலரும் அந்தக் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆதரவா காவலா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு ஒரு சிறுவனைத் திருத்தும் பொறுப்பு தரப்பட்டதாக நினைக்கிறீர்கள். நானோ அந்த வாசிப்பு வகுப்பைத் திருத்தும் பொறுப்பாகவே இதைப் பார்க்கிறேன். ஆதலால் உங்களுடைய முதல் மாணவர் அவன் அல்ல, அந்த ஆசிரியை. அடுத்தவர் அவன் பாட்டி. இதுவரை அந்த அம்மையாரைப் பள்ளி எப்போது அழைத்திருந்தாலும் ஒரு புகாரோடுதான் அழைத்திருக்கும். இம்முறை அவன் இடைவேளையில் உங்களிடம் இரண்டு வரி வாசித்துவிட்ட ஒரு நாளில் அழையுங்கள், ஜூலு தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
அக்கா