கல்யாணமாகிப் பல வருடம் ஆன பிறகும் தாம்பத்திய நெருக்கம் இருக்குமா?

"16 வருடம் ஆச்சு, இப்போது அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கிறோம், இது சகஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சகஜம்தான். ஆனால் சகஜம் என்று விட்டதில் நாங்கள் மூன்று வருடத்தைத் தொலைத்தோம். பெயர் போடாமல் எழுதுவதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எனக்கு 47, அவருக்கு 52. பல்லடம் பக்கம். ஹாலில் மாமியார், பக்கத்து அறையில் பிளஸ் டூ படிக்கும் பையன். எங்கள் அறைத் தாழ்ப்பாளைப் போட்டால் தெருவுக்கே கேட்கும். அதனால்தான் எல்லாம் குறைந்தது என்று ரொம்ப நாள் தாழ்ப்பாள் மேல் பழி போட்டேன். உண்மை வேறு. எனக்கு வலித்தது. 44 வயதிலிருந்து ஒவ்வொரு முறையும் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி எரிச்சல். சொல்லவில்லை. தலைவலி என்றேன், அசதி என்றேன், பையனுக்குப் பரீட்சை என்றேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. வலிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் தொடுவதற்கு முன்பே இறுகிக்கொள்கிறது. இறுகினால் இன்னும் வலிக்கிறது.

அவரும் மெல்ல விலகினார். குண்டாகிவிட்டேன், அதான் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மாதவிலக்கு தாறுமாறாக வந்ததற்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுக்காரரோட சேர்றப்ப வலிக்குதாம்மா?" இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து ஈரப்பசை வற்றும் என்றார். தண்ணீரில் கரையும் ஜெல்லும், அந்த இடத்துக்கு மட்டும் வைக்க ஈஸ்ட்ரோஜன் கிரீமும் எழுதினார். தேங்காய் எண்ணெய் போதாதா என்றேன். ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெய் தொடக்கூடாது, ரப்பர் இற்றுக் கிழியும். மாதவிலக்கு தாறுமாறாக வந்தாலும் கரு நிற்க வாய்ப்பு உண்டு என்றார். (மெடிக்கல் ஷாப் பையன் ஜெல்லை நியூஸ்பேப்பரில் சுற்றித் தந்தான், திருட்டுச் சாமான் மாதிரி.)

வரும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்தபடி சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் வாய் வந்திருக்காது. "ஏனுங்க, உங்களைப் பிடிக்காம இல்லீங்க. வலிக்குதுங்க."

கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் முன்ன மாதிரி இல்ல அம்மிணி. நீ கண்டுபுடிச்சிருவியோன்னுதான் டிவி முன்னாடியே படுத்துக்கறது."

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அது நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுத்தால் விறைப்பு குறையும். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத்துடையது 3 முதல் 4. அடைப்பு வந்தால் சின்னதில் முதலில் தெரியும். அதனால் சர்க்கரை டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன் இதயத்தைப் பார்க்கச் சொன்னார். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சில்டெனாஃபில் என்கிற விறைப்பு மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சிநேகிதர் கொடுத்தார், கடையில் கேட்டு வாங்கினேன் என்ற கதையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஆசை தானாக வரட்டும் என்று நான் காத்திருந்ததும் தப்பு. கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000இல் எழுதியது பின்னாடிதான் தெரிந்தது: நெடுநாள் உறவில் பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை, நெருங்கி இளகிய பிறகே வருகிறது. இப்போது வாரத்தில் ஒரு ராத்திரி அவர் எனக்குக் கால் பிடித்துவிடுவார், நான் அவருக்கு முதுகு நீவிவிடுவேன். அதற்கு மேல் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்று தெரிந்தால்தான் என் உடம்பு தளர்கிறது. தளர்ந்தால் பாதி நாள் போகத்தான் செய்கிறது. "இன்னைக்கு வேண்டாம்" என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை, முகத்தைத் தூக்குவதும் இல்லை. தேங்காய் எண்ணெயைத் தாழ்ப்பாளுக்கு விட்டோம்.

எத்தனை முறை என்ற கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். கிரீம் வேலை செய்யவே சில வாரம் ஆனது, அவருக்கு இன்னும் சில நாள் சரிப்படுவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறார், ஆனால் வண்டியில் போகும்போது மட்டும். மளிகைக் கடை நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது, அதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் வண்டியில போறீங்க என்று பையன் கேட்கிறான்.