ஊங்குதா, டக்டக்குன்னு அடிக்குதா: கார் சத்தம் பத்தி கேள்வி பதில்

சஸ்பென்ஷன், வீல், கியர்பாக்ஸ் இந்தப் பக்கம்தான் என் தொழில். இன்னைக்கு அங்கிருந்து வர்ற சத்தங்களைப் பத்தி மட்டும் கேளுங்க. மைலேஜ், எந்த வண்டி வாங்கலாம், இதெல்லாம் வேற நாள் பாத்துக்கலாம். கேக்கும்போது நாலு விஷயம் சேர்த்து எழுதுங்க: எந்த வேகத்துல ஆரம்பிக்குது, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா மாறுதா, ஸ்டியரிங் திருப்பினா மாறுதா, கிளட்ச் மிதிச்சா மாறுதா. "சத்தம் வருது, என்ன சார் பண்ணலாம்"னு மட்டும் எழுதினா எனக்கு ஜோசியம் தெரியாது.

கேள்வி (ஸ்விஃப்ட், சேலம்): 72,000 கி.மீ. ஓடியிருக்கு. 50-ஐத் தாண்டினா 'ஊஊம்'னு சத்தம், வேகம் ஏற ஏற கூடுது. அலைன்மென்ட், பேலன்சிங் ரெண்டும் பண்ணியாச்சு, குறையல. ஒரு கடையில பேரிங்கிறாங்க, இன்னொரு கடையில டயருங்கிறாங்க.

பதில்: பேரிங்னா வீலைச் சுத்த விடற குண்டு வளையம். அதோட சத்தமும் டயர் சத்தமும் கேக்கறதுக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கும், அதனால அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். காசு செலவழிக்காம பிரிச்சுப் பாக்க வழி இருக்கு.

காலி ரோட்டுல 60-ல போகும்போது கிளட்ச் மிதிச்சு நியூட்ரலுக்குத் தள்ளுங்க. இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் ஊங்கல் அப்படியே இருந்தா இன்ஜின் இல்ல, வீல் பக்கம். நியூட்ரல்னு சொன்னேன், சாவியை ஆஃப் பண்ணச் சொல்லல. ஓடற வண்டியில இன்ஜினை அணைச்சா பவர் ஸ்டியரிங் கல்லா இறுகும், பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கற வாக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும், சாவியை முழுசா திருப்பினா ஸ்டியரிங்கே லாக் ஆகலாம்.

அடுத்து ரோட்டைக் கவனிங்க. புதுசா போட்ட வழவழ தார்லயும் சிமென்ட் ரோட்லயும் சத்தம் வேற வேற மாதிரி கேட்டா டயர். ரோடு எதுவானாலும் ஒரே சுருதின்னா பேரிங் மேல சந்தேகம். அப்புறம் முன்னாடி பின்னாடி வண்டி இல்லாத அகல ரோட்டுல லேசா இடமும் வலமும் ஒடிச்சுப் பாருங்க. இடது பக்கம் ஒடிச்சா பாரம் வலது வீலுக்குப் போகும். அப்போ சத்தம் ஏறினா வலது பேரிங். வலது பக்கம் ஒடிச்சு ஏறினா இடது. பெரும்பாலான வண்டியில இது சரியா வரும். ஒரே பேரிங்குக்குள்ள ரெண்டு வரிசை குண்டு இருக்கறதால எந்த வரிசை போயிருக்குன்றதைப் பொறுத்து சில வண்டியில ஏமாத்தும்.

இப்போ டயர். ட்ரெட் (ரோட்டைத் தொடற பட்டை) மேல உள்ளங்கைய வச்சு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை தடவுங்க. ஒரு பக்கம் வழுவழுன்னும் திரும்பி வர்றப்போ ரம்பப் பல்லு மாதிரி கையில தட்டியும் வந்தா, அதுதான் ஊங்குது. முன் வீல் டிரைவ் வண்டியில ரொட்டேஷன் (முன் பின் டயரை இடம் மாத்தறது) பண்ணாம விட்ட பின் டயர்ல இது ரொம்ப சகஜம். நீங்க அலைன்மென்ட் பண்ணினது இனிமே தேயறதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே வந்த பல்லு போகாது. டயரை முன்னுக்குப் பின்னா மாத்திப் போட்டு அதே ரோட்டுல ஓட்டுங்க. சத்தம் இடம் மாறினா விஷயம் முடிஞ்சது, பேரிங்கைத் தொட வேண்டாம்.

மாறலன்னா வண்டியைத் தூக்குங்க. பின் வீலுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில தூக்கி, கண்டிப்பா வண்டியைத் தாங்கற ஸ்டாண்ட் வச்சு நியூட்ரல்ல போடுங்க. ஒரு கையால வீலைச் சுத்திவிட்டு இன்னொரு கையால காயில் ஸ்பிரிங்கைப் பிடிங்க. நல்ல பேரிங்னா ஒண்ணும் தெரியாது. போன பேரிங்னா மணல் அரைபடற மாதிரி ஒரு அதிர்வு ஸ்பிரிங் வழியா விரலுக்கு வரும். மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டி, "பிளே (ஆட்டம்) இல்ல, அதனால பேரிங் நல்லாருக்கு"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. பிளே வர்றது கடைசிக் கட்டம். அதுக்கு ரொம்ப முன்னாடியே ஊங்க ஆரம்பிச்சுடும்.

கேள்வி (ஐ20, திருச்சி): பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு எடுக்கும்போது 'டக் டக் டக்'.

பதில்: வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது ஆக்சில் தண்டோட வீல் பக்க முனையில இருக்கற மூட்டு. வீலுக்கு உள்பக்கம் குனிஞ்சு பாருங்க. அதை மூடற ரப்பர் பூட் கிழிஞ்சு, ரிம்மோட உள் முகத்துல கறுப்பா கிரீஸ் தெறிச்சிருக்கும்.

கேள்வி (பெயர் போடாதவர்): எந்த பங்க்ல பெட்ரோல் நல்லாருக்கும்?

பதில்: மேல முதல் பத்தியைப் படிங்க.

கேள்வி (பழைய பொலிரோ, தேனி): ஆக்சிலேட்டர் கொடுத்தா 60-ல இருந்து பின்னாடி 'ஊய்ங்'னு ஊளை. காலை எடுத்தா நின்னுடுது. மறுபடி கொடுத்தா மறுபடி வருது. பேரிங் மாத்தச் சொல்றாங்க.

பதில்: மாத்தாதீங்க. வீல் பேரிங்குக்கு நீங்க கால் வச்சிருக்கீங்களா எடுத்தீங்களான்னு கவலை இல்ல, வீல் சுத்தற வேகம் ஒண்ணுதான் அதுக்குக் கணக்கு. பாரம் கொடுத்தா வந்து, விட்டா போற ஊளை டிஃபரன்ஷியல்ல (பின் ஆக்சில் நடுவுல இருக்கற பல்சக்கரப் பெட்டி) கிரவுன் பினியன்ற பல்சக்கர ஜோடியோடது. பல்லுக்கு ரெண்டு முகம் இருக்கு: இழுக்கும்போது ஒரு முகம், நீங்க காலை எடுத்து வீல் இன்ஜினைத் தள்ளும்போது இன்னொரு முகம். உங்களுக்கு இழுக்கற முகம் தேஞ்சிருக்கு, இல்லேன்னா பினியன் பேரிங் லூஸாகி பல்லு உக்கார்ற இடமே மாறியிருக்கு. ஆயிலை வடிக்கற டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிப் பாருங்க. விரல்ல தேய்ச்சா வெள்ளிப் பொடி மாதிரி வர்றது ஓரளவுக்குச் சகஜம். நகக்கண் அளவு துண்டு வந்தா உடனே பிரிக்கணும். ஆயில் குறைஞ்சிருந்தா பினியன் சீல்ல கசிவு பாருங்க. ஊத்தறது ஜிஎல்-5 தர கியர் ஆயில், கிரேடு மேனுவல்ல இருக்கும்.

கேள்வி (வேகன் ஆர், மதுரை): 60-க்கு மேல ஊம்னு சத்தம் வருது சார்.

பதில்: சேலத்துக்காரருக்கு எழுதினதை அப்படியே செய்யுங்க.

கேள்வி (லாரி பட்டறை, நாமக்கல்): தம்பி, தப்பா நினைக்காதீங்க. லாரியில வீல் பேரிங்கைக் கழற்றி டீசல்ல கழுவி, புது கிரீஸ் அடைச்சு மறுபடி போடறோம். லட்சக்கணக்கான கி.மீ. ஓடுது. கார்ல மட்டும் ஊங்கினதும் தூக்கிப் போடச் சொல்றது கம்பெனிக்காரன் வியாபாரந்தானே?

பதில்: அண்ணே, லாரியில நீங்க செய்யறது சரி. அங்க இருக்கறது டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு. கழற்றலாம், கண்ணால பாக்கலாம், நட்டை இறுக்கி, சுத்திவிட்டு, திருப்பி லூஸ் பண்ணி பிளே வைக்கலாம். இன்னைக்கு பெரும்பாலான கார்ல வர்றது சீல் பண்ணின ஒரே யூனிட். உள்ள ரெண்டு வரிசை குண்டு, ஆயுசுக்கும் ஒரே கிரீஸ். எவ்வளவு இறுக்கம்னு கம்பெனியிலயே முடிவு பண்ணியாச்சு.

லாரி பட்டறை: சின்ன ஸ்க்ரூ டிரைவரால சீலை நெம்பி கிரீஸ் வச்சு விட்டிருக்கேன் தம்பி. சத்தம் நின்னு போச்சு. அந்தக் காரு இன்னும் ஓடுது.

பதில்: சத்தம் நின்னது உண்மைதான், பேரிங் குணமாகல. ஊங்குதுன்னா குண்டு ஓடற பாதையில ஏற்கெனவே இரும்பு செதில் செதிலா பேந்து போச்சு. கெட்டியா கிரீஸ் வச்சா அது சத்தத்தை அமுக்கும், குழி அப்படியே இருக்கும். நெம்பின சீல் மறுபடி சரியா உக்காராது. அடுத்த மழையில தண்ணி உள்ள போகும். லாரியில ஹப் (வீல் மாட்டற நடுப்பகுதி) போனா கிளீனர் இறங்கிப் பாப்பான். கார்ல குழந்தையோட 100-ல போறவருக்கு யாருண்ணே பாப்பா?

கேள்வி (டிசையர், ஓசூர்): நாமக்கல் அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு. எங்க அப்பாவும் அப்படித்தான் செய்வார்.

பதில்: அப்பா எந்த வண்டியில செஞ்சார்னு கேட்டுட்டு வாங்க.

லாரி பட்டறை: சரி தம்பி, சீல் விஷயத்தை விடறேன். ஆனா நீங்க சொல்லாத ஒண்ணு நான் சொல்றேன். 30 கி.மீ. ஓட்டிட்டு நாலு ஹப் பக்கத்துலயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா அதுதான். இன்னொண்ணு, டூப்ளிகேட் பேரிங். பெட்டி பளபளன்னு இருக்கும், உள்ள குப்பை. ஆறு மாசத்துல திரும்ப வந்து நிப்பாங்க.

பதில்: ரெண்டையும் அப்படியே ஒத்துக்கறேண்ணே. சூடு பாக்கறவங்க கடைசி ஒரு கி.மீ. பிரேக் தொடாம மெதுவா உருட்டி நிறுத்துங்க, இல்லேன்னா பிரேக் டிஸ்க் சூட்டைப் பேரிங் சூடுன்னு நினைச்சுக்குவீங்க. டிஸ்க்கைத் தொட்டுடாதீங்க, தோல் ஒட்டிக்கும்.

கேள்வி (எர்டிகா, ஈரோடு): நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கீங்க, என் கேள்வி மேல போயிடுச்சு. முன்பக்க பேரிங் மாத்தினதுல இருந்து ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது வீல் பூட்டிக்காம தடுக்கறது) லைட் எரியுது. சென்சார் போச்சுன்னு புதுசு வாங்கச் சொல்றாங்க.

பதில்: நல்ல கேள்வி, மன்னிச்சுக்கங்க. சென்சார் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: பேரிங்கை எந்தப் பக்கமா அழுத்தினாங்க? இந்த மாதிரி பேரிங்குகள்ல ஒரு பக்கத்து சீல்லயே காந்தப் பட்டை இருக்கும். வீல் வேகத்தைப் பாக்கற சென்சார் அதைத்தான் படிக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பாத்து உக்காரணும். திருப்பிப் போட்டுட்டா சென்சாருக்கு ஒண்ணும் தெரியாது, லைட் எரியும். கண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பாத்தான் இருக்கும். ஒரு குண்டூசியைக் கிட்ட கொண்டு போனா எது ஒட்டுதோ அது காந்தப் பக்கம்.

இதே வேலையில இன்னொரு கெடுதல் சுத்தியல். நக்கிளுக்குள்ள (பேரிங்கைத் தாங்கற இரும்புத் துண்டு) பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்துல அழுத்தணும். ஹப்பைப் பேரிங்குக்குள்ள இறக்கும்போது உள் வளையத்துக்கு அடியில தாங்கு கொடுக்கணும். மாத்தி அழுத்தினா பாரம் முழுக்க குண்டு வழியாப் போய், பாதையில பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே ஊங்கும், "கம்பெனி சரியில்ல"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. பிரஸ் (அழுத்தி இறக்கற மெஷின்) இல்லாத கடையில இந்த வேலையைக் கொடுக்காதீங்க. ஹப் நட் புதுசு போட்டு இறுக்கத்தை அளக்கற டார்க் ரெஞ்சுல இறுக்கச் சொல்லுங்க. ஏர் கன்னை வச்சு 'டர்ர்ர்'னு விட்டுட்டு போறது இறுக்கறது இல்ல.

கேள்வி (அமேஸ், சென்னை வேளச்சேரி): 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல ஹப் முழுகற அளவு தண்ணியில கொஞ்ச தூரம் ஓட்டினேன். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. கொஞ்ச மாசத்துல பின் வீல் ரெண்டும் ஊங்க ஆரம்பிச்சுது. சம்பந்தம் இருக்கா?

பதில்: நிறையவே. ஓடி சூடான ஹப் குளிர்ந்த தண்ணியில முங்கினா உள்ள இருக்கற காத்து சுருங்கும், சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். தண்ணி கலந்த கிரீஸ் பால் மாதிரி வெளுத்துடும், குண்டு துரு பிடிக்கும். உடனே தெரியாது. 2015 சென்னை வெள்ளத்துலயும் இதே கதைதான், வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னு சந்தோஷப்பட்டவங்க அப்புறம் ஹப்போட வந்தாங்க. ரெண்டு பக்கமும் ஊங்கினா ரெண்டையும் மாத்துங்க. மத்தபடி ஒரு பக்கம் போச்சுன்னா அதை மட்டும் மாத்தினா போதும், ஜோடியாத்தான் மாத்தணும்னு சட்டம் இல்ல.

கேள்வி (பலேனோ, நெல்லை): 70-ல ஊங்குது சார், பேரிங்கா இருக்குமா?

பதில்: டயரை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா? பாத்துட்டு வாங்க.

கேள்வி (கிராண்ட் ஐ10, கோவை): 80-ல ஊங்குது. என் மச்சான் வண்டிக்கு அடியில படுத்து ஸ்பிரிங்கைப் பிடிச்சுப் பாக்கறேங்கறான், ஸ்டாண்ட் இல்ல, ஜாக்கி மட்டும் இருக்கு.

பதில்: மச்சானை முதல்ல வெளிய வரச் சொல்லுங்க. டிக்கியில வர்ற ஜாக்கி டயர் மாத்தத்தான். அது சரியறதுக்கு ஒரு தள்ளு போதும். ஸ்டாண்ட் இல்லாம அடியில போறவங்களுக்கு இனி பதில் கிடையாது.

கேள்வி (ஹோண்டா சிட்டி, ஊட்டி): ஜல்லி ரோட்டுல போயிட்டு வந்ததுல இருந்து 'கிரீச்'னு இரும்பு உரசற சத்தம்.

பதில்: டிஸ்க்குக்கும் பின்னாடி தகட்டுக்கும் நடுவுல கல்லு. ரிவர்ஸ்ல கொஞ்ச தூரம் போனா விழுந்துடும். விழலன்னா வீலைக் கழற்றி எடுங்க. இதுக்குப் போய் பிரேக் பேட் மாத்திடாதீங்க.

கேள்வி (ஆல்டோ, விழுப்புரம்): நியூட்ரல்ல நிக்கும்போது கரகரன்னு சத்தம், கிளட்ச் மிதிச்சா நின்னுடுது.

பதில்: கியர்பாக்ஸ் இன்புட் பேரிங், அதாவது கிளட்ச்ல இருந்து கியர்பாக்ஸுக்குள்ள போற தண்டைத் தாங்கறது. மிதிச்சா வர்ற சத்தம்னா கிளட்சை விடுவிக்கற ரிலீஸ் பேரிங். உங்களுது முதலாவது.

கேள்வி (நெக்ஸான் ஈ.வி., கோவை): புது வண்டி. மோட்டார் ஊங்குதா வீல் ஊங்குதான்னு தெரியல.

பதில்: இன்ஜின் சத்தம் இல்லாததால எல்லாமே காதுல விழும். மத்த வண்டியில அமுங்கிப் போற டயர் சத்தம் இதுல பெருசா கேக்கும். டயர் பிரஷரைக் காலையில, ஓட்டறதுக்கு முன்னாடி பாத்து சரி பண்ணிட்டு எழுதுங்க.

கேள்வி (இனோவா, கும்பகோணம்): 20, 30-லயே 'தப் தப் தப்'னு அடிக்குது. ஸ்டியரிங் லேசா ஆடுது. நாளைக்குத் திருப்பதி போறோம்.

பதில்: இப்பவே போய் நாலு டயரையும் உள்பக்கத்துலயும் சேர்த்து பாருங்க. எங்கயாவது புடைப்பு இருந்தா உள்ள இருக்கற வலை பிரிஞ்சிருக்கு, 100-ல வெடிக்கலாம். டயர் ஓரத்துல நாலு நம்பர் தேதி இருக்கும்: 2318-னா 2018-ல 23-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் அதே மாதிரி பாருங்க, பெரும்பாலும் அதுதான் ரொம்பப் பழசா இருக்கும். புடைப்பு இருந்தா டயர் மாத்தாம திருப்பதி வேண்டாம்.

கேள்வி (செலேரியோ, தஞ்சாவூர்): 60-ல...

பதில்: டயர். மாத்திப் போடுங்க. திருச்சிக்காரருக்குச் சொன்ன ஆக்சில் பூட் கிழிஞ்சு இன்னும் சத்தம் வராதவங்க யாராவது இருந்தா மட்டும் எழுதுங்க. இப்போ பூட்டும் கிரீஸும் போட்டா முடியற வேலை, ரெண்டு மழை கழிச்சா முழு ஜாயின்ட் செலவு.