டி850-இலிருந்து மீடியம் ஃபார்மட்: திருமண வேலைக்குத் தேவையா?

வணக்கம் நண்பரே. நிக்கான் டி850-உம் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸும் கொண்டு திருமணப் படங்கள் எடுக்கும் தாங்கள், பின்னணி இன்னும் அழகாக மங்குவதற்காகக் கடன் வாங்கியாவது, பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட் வகையைச் சேர்ந்த ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் கேமராவுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

100எஸ்-இன் சென்சார், அதாவது ஒளியைப் பதிவுசெய்யும் தகடு, 43.8 × 32.9 மி.மீ.; பரப்பளவில் தங்கள் டி850-இல் உள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு பெரியது. ஆனால் தாங்கள் குறிப்பிட்ட பின்னணி மங்கலுக்காக மாறுவதானால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தக் கேமராவுக்கான ஜிஎஃப் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ் தருவது, ஃபுல் ஃபிரேமில் 87 மி.மீ. எஃப்/1.6 தரக்கூடிய மங்கலைத்தான்; எஃப் எண் குறையக் குறைய மங்கல் கூடும் என்பதால், அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தங்களிடம் இப்போது இருக்கிறது.

டி850-இல் 1/250 நொடி ஷட்டர் வேகம் வரை ஃபிளாஷ் ஒத்திசையும். 100எஸ்-இல் 1/125 மட்டுமே. உச்சிவெயிலில் மணமக்களை நிறுத்தி ஃபிளாஷ் போடும்போது, இதனால் இருமடங்காக உள்ளே வரும் வெயிலொளியை, அதாவது அந்த ஒரு ஸ்டாப்பை, ஈடுகட்ட லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரைச் சுருக்கவோ, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டவோ, வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை இயங்கவைத்தாலும் அதன் சக்தியைத் தின்னும் ஹை ஸ்பீடு சிங்க்கை நாடவோ நேரும். முகூர்த்த நேரத்தில் இந்த அவதி யாருக்கு வேண்டும்?

ஆல்பத்தைப் பொறுத்தவரை, 12×36 அங்குல விரிப்பின் முழு அகலத்தையும் ஒரே படம் நிரப்பினாலும், 8256 பிக்சல் அகலமுள்ள தங்கள் கோப்பு 229 டிபிஐ (அங்குலத்துக்கு 229 புள்ளிகள்) தரும். கையில் வைத்துப் பார்ப்பவர் குறை காண மாட்டார்.

பட்டுப்புடவை, நகை விளம்பர வேலைகள் தொடர்ந்து வருமானால் கதை வேறு. சரிகை இழைகளைப் பிரித்துக் காட்டுவதில் 102 மெகாபிக்சலின் அருமை தெரியும். அப்போதும் முதல் வேலைக்கு வாடகைக்கு எடுத்து, சுருக்கப்படாத நிலையில் 200 எம்பி அளவுள்ள ரா கோப்புகளை (கேமரா பதிவுசெய்யும் பதப்படுத்தாத மூலக் கோப்புகளை)த் தங்கள் கணினி தாங்குகிறதா என்று பாருங்கள்.