கைப்பக்குவம் என்னும் சாக்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்த நான் திருமணத்துக்குப் பிறகு புனேயில் வசிக்கிறேன். சென்ற கோடையில் என் பாட்டியின் சமையல் நோட்டு என் கைக்கு வந்தது. அதிலிருந்த குழம்புப் பொடியை அவர் எழுதியிருந்தபடியே செய்தேன். மிளகாய் 10 பலம், தனியா 6 ஆழாக்கு, கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் அரை அரை ஆழாக்கு, மிளகு கால் ஆழாக்கு, வெந்தயம் ஒரு கரண்டி, விரலி மஞ்சள் இரண்டு, பெருங்காயம் "நாலணாவுக்கு". பலத்துக்கு 35 கிராம் என்று கணக்கிட்டேன். ஆழாக்குக்கு என்னிடமுள்ள 240 மில்லி அளவுக் கோப்பையை வைத்துக்கொண்டேன். பொடி நல்ல சிவப்பாக இருக்கிறது. ஆனால் குழம்பில் உறைப்பு இல்லை, மல்லி வாசனை தூக்கலாக இருக்கிறது, ஆறினால் கூழ் போல ஆகிவிடுகிறது, தண்ணீர் விட்டால் சப்பென்று போகிறது. எண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன். கற்சட்டி இல்லாததால் குக்கரில் மூடி வைத்தே கொதிக்க விடுகிறேன். "எழுதி வைத்ததைப் பார்த்துச் செய்தால் எப்படி வரும், அதற்குக் கைப்பக்குவம் வேண்டும்" என்கிறார் என் மாமியார். பாட்டியின் குறிப்பை என் வசதிக்கு மாற்றுவது அவருக்குச் செய்யும் துரோகமா? மாற்றியதை என் மகளுக்காக அதே நோட்டில் எழுதலாமா, தனி நோட்டில் எழுதுவது முறையா?

சு., புனே

அன்புள்ள சு.,

துரோகம் என்பதெல்லாம் மிகப் பெரிய சொல். ஒரு குழம்புப் பொடிக்கு அது தாங்காது. எந்த நோட்டில் எழுதுவது என்பதைப் பாட்டியின் நோட்டில் எத்தனை பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்காக நான் இந்தப் பதிலை எழுதவில்லை. உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக எழுதுகிறேன். அண்மையில் ஒரு விருந்தில், என்னைவிட மூத்த ஒருவர் தம் தாயாரின் சமையலைப் பற்றிப் பேசும்போது, "அம்மா எதையும் அளந்ததே இல்லை, எல்லாம் கைப்பக்குவம்" என்று கண் கலங்கினார். அந்த அம்மாளை எனக்குத் தெரியும். அவர் அளக்காமல் ஒரு பிடி அரிசியைக்கூட உலையில் போட்டவரல்லர். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆழாக்கு என்பது கோப்பை அன்று. எட்டு ஆழாக்கு ஒரு படி. வாய்ப்பாட்டில் ஓர் ஆழாக்குக்கு 168 மில்லி என்று கொடுத்திருப்பார்கள். பாட்டியின் ஆறு ஆழாக்குத் தனியா ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவு. நீங்கள் போட்டதோ 1,440 மில்லி. பருப்புகளும் மிளகும் அதே விகிதத்தில் ஏறிவிட்டன. ஆனால் மிளகாயைப் பாட்டி பலத்தில் எழுதியிருந்ததால் அதை மட்டும் சரியாக 350 கிராம் நிறுத்துப் போட்டிருக்கிறீர்கள். முழுக் குறிப்பையும் கோப்பையிலேயே அளந்திருந்தால் விகிதம் கெட்டிருக்காது, பொடி கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். பாதி முகத்தலும் பாதி நிறுத்தலுமாக எழுதப்பட்ட குறிப்பில் ஒரு பாதியைத் தப்பாக மாற்றியதால்தான் தனியாவும் பருப்பும் குழம்பைக் கூழாக்குகின்றன. கைக்கும் பக்குவத்துக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பொடியைக் கொட்டிவிடாதீர்கள். இன்னும் 150 கிராம் மிளகாயை வறுத்து அரைத்து அதில் கலந்தால் பாட்டியின் விகிதம் திரும்பிவிடும். ஆனால் எந்த மிளகாய் என்று பாருங்கள். பொடி நல்ல சிவப்பு, உறைப்பு மட்டும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், புனேக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பியாடகி மிளகாயை வாங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தோல் சுருங்கிய அந்தக் கர்நாடக மிளகாய் நிறத்துக்குப் பெயர் பெற்றது. அதனிடம் காரத்தை எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் பாட்டி நம் பக்கத்துக் குண்டு மிளகாயையோ சம்பா மிளகாயையோ நினைத்துத்தான் பத்துப் பலம் என்று எழுதியிருப்பார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயை இப்போது எங்கிருந்தும் வரவழைத்துக்கொள்ள முடிகிறது. நாலணாப் பெருங்காயத்தை மட்டும் எந்த வாய்ப்பாட்டாலும் கிராமாக்க முடியாது. அது கட்டிப் பெருங்காயம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டப்பாவில் வரும் தூளில் மாவும் பிசினும் கலந்திருப்பதால் அதைக் கொஞ்சம் தாராளமாகவே போட வேண்டியிருக்கும்.

இனி, அளக்காமல் சமைத்த அம்மாக்களுக்கு வருகிறேன். என் அம்மாவிடம் ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருக்கும். அரிசியை அதில் முகந்து, இடது உள்ளங்கையின் ஓரத்தால் நசுங்கிய பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஒரே தடவை தலைதட்டுவார். உளுந்துக்குத் தலைதட்ட மாட்டார், கோபுரமாகவே விடுவார். பார்க்கிறவர்களுக்கு அது கை போகிற போக்கு. அதில் இரண்டு வெவ்வேறு அளவுகள் இருந்தன என்பது கூடவே நின்று அரைத்த எனக்குத் தெரியும். மாசி, பங்குனியில் புதுப்புளி வந்ததும் கொட்டையும் நாரும் நீக்கி, கல் உப்புச் சேர்த்து வெயிலில் காயவைத்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாகப் பிடித்து ஜாடியில் அடுக்குவார். பிறகு ஆண்டு முழுவதும் ஜாடிக்குள் கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாங்கள் பார்த்தது அந்தக் கையை மட்டுந்தான். அளவு வேலை திண்ணையில், ஆண்டுக்கொரு முறை, முறத்தின் முன்னால் முடிந்துபோயிருந்தது. குழம்புக் கற்சட்டியின் உட்புறத்தில் பல ஆண்டுகளாகக் கொதித்துப் படிந்த ஒரு கோடு இருக்கும். புளித் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் செம்பை நிமிர்த்திவிடுவார். இதற்கு மேல் என்ன அளவு வேண்டும்?

இதையெல்லாம் கைப்பக்குவம் என்று சொல்லிப் புல்லரித்துப்போகிறவர்கள் பெரும்பாலும் அடுப்படிக்குள் வராத பிள்ளைகள். அம்மாவின் கை மணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் ஆண்களில் எத்தனை பேருக்கு, தங்கள் வீட்டு ஆழாக்கு எங்கே இருந்தது என்பது தெரியும்? அந்தப் பெண் கணக்குப் போட்டாள், நினைவில் வைத்தாள், மழைக்காலத்து ஈரப் பருப்புக்கும் கோடைப் பருப்புக்கும் தண்ணீரை மாற்றினாள் என்று ஒத்துக்கொண்டால், அது அறிவு என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும். வரம் என்று சொல்லிவிட்டால் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காரலாம். இன்னொரு கூட்டமும் உண்டு. கேட்கிற மருமகளிடம் வெந்தயத்தின் அளவைச் சொல்லாமல் இருப்பதற்குக் கைப்பக்குவத்தைச் சாக்காக வைத்திருக்கும் பெரியம்மாக்கள். உங்கள் மாமியாரை நான் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அவர் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால், மரியாதையாகவே, "நீங்கள் பொடி இடிக்கும்போது நான் பக்கத்தில் தராசோடு உட்கார்ந்துகொள்ளட்டுமா, அத்தை?" என்று கேளுங்கள். பெருமைப்பட்டு ஒத்துக்கொள்வார்.

அளந்து எழுதுவது ஏதோ நகரத்துப் பெண்கள் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்றும் சொல்வார்கள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் "சமைத்துப் பார்" முதல் பாகத்தை வெளியிட்டபோதே பொருள் பொருளாக அளவு சொல்லித்தான் எழுதினார். அப்போது கிலோவும் லிட்டரும் நம் கடைகளுக்கு வந்திருக்கவில்லை. அதற்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு 1958 முதல்தான் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடைகள் மாறிய பிறகும் அடுக்களைகளில் படியும் ஆழாக்கும் வெகுகாலம் புழங்கின. உங்கள் பாட்டியின் நோட்டில் பலமும் ஆழாக்கும் நாலணாவும் ஒரே பக்கத்தில் இருப்பது இதனால்தான். அது குழப்பம் அன்று. கடையில் நிறுத்து வாங்கியதை நிறையிலும், வீட்டில் முகந்து போட்டதை முகத்தலிலும், பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாங்கியதைக் காசிலும் எழுதியிருக்கிறார். மிகத் தெளிவான பெண்மணி.

உங்கள் மீது எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. மிளகாய் வேறு, அளவு வேறு, எண்ணெய் பாதி, பாத்திரம் வேறு, மூடி வேறு. இத்தனையையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, எது கெடுத்தது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? எண்ணெய் உங்கள் உடம்பைப் பொறுத்தது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் குக்கர் மூடியை எடுத்துவிடுங்கள். புளிக்குழம்பு திறந்த பாத்திரத்தில் கொதித்துச் சுண்ட வேண்டும். மூடி வைத்தால் நீர் வற்றாது, பொடியின் பச்சை வாசனையும் போகாது. பாட்டி "கொதித்ததும் இறக்கவும்" என்று எழுதியிருந்தால் அதையும் அப்படியே நம்பாதீர்கள். சேலம் பக்கத்து மாக்கல்லில் குடைந்த அந்தச் சட்டி சூட்டை அவ்வளவு எளிதில் விடாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு அதில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். எவர்சில்வரில் இறக்கிய கணமே கொதி அடங்கிவிடுகிறது. கற்சட்டி இறக்கிய பின் செய்த வேலையை நீங்கள் அடுப்பிலேயே, தீயைக் குறைத்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும் வரை செய்ய வேண்டும். பாட்டி அதை எழுதவில்லை, ஏனென்றால் அவருடைய சட்டி அதைச் செய்துவிட்டது.

எழுத முடியாத சில இருக்கின்றன என்பீர்கள். தனியா எப்போது வறுபட்டது, வெந்தயத்தை எப்போது எடுப்பது என்று கேட்பீர்கள். அவற்றையும் எழுதலாம். தனியா வாணலியில் கனம் குறைந்து, கரண்டியால் புரட்டும்போது சலசலவென்று ஒலிக்கும். விரல்களுக்கிடையில் நசுக்கினால் பொடிந்துவிடும். வெந்தயம் செம்பொன் நிறத்திலிருந்து செங்கல் நிறத்துக்குப் போகும் முன் எடுத்துவிட வேண்டும், தாண்டினால் முழுப் பொடியும் கசக்கும். கண்டதையும் கேட்டதையும் எழுதினால் பக்குவமும் எழுத்துக்குள் வந்துவிடும். நீங்கள் கடிதத்தில் குழம்பின் குறையை எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறீர்கள்! அதே கண்ணை வாணலியின் மேல் வையுங்கள், மகளுக்கு நல்ல குறிப்பு கிடைக்கும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு வேலை. நான் சொன்ன 168 மில்லி வாய்ப்பாட்டுக் கணக்கு. படி ஊருக்கு ஊர் மாறியது, பட்டணம் படி என்றே தனியாக ஒன்று இருந்தது. ஆகவே அம்பாசமுத்திரத்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, பாட்டியின் ஆழாக்கு பரணில் எங்காவது கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்தால், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மட்டும் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள்; எத்தனை கிராமோ அத்தனை மில்லி. 168-இலிருந்து வெகுவாக விலகியிருந்தால், 150 கிராம் மிளகாய் என்று நான் சொன்னதையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தனியாவை அவர் தலைதட்டி அளந்தாரா, கோபுரமாக அளந்தாரா என்பதை உங்கள் அம்மாவிடமோ சித்தியிடமோ கேளுங்கள். அவருடன் சேர்ந்து பொடிக்கு வறுத்த யாருக்காவது அது நிச்சயம் நினைவிருக்கும்.

அன்புடன்